கூட்டுப் பட்டாவில் ஒரு படம்: சேர்ந்து படைக்கும் முன்பும் ஊர்ப்பணம் திரட்டும் முன்பும்

எங்கள் பக்கத்தில் கூட்டுப் பட்டா என்று சொன்னால் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. தாத்தா பெயரில் மூன்று ஏக்கர், ஏழு வாரிசு, உட்பிரிவு ஆகவில்லை. ஒருவர் விற்கலாம் என்கிறார். ஒருவர் பெங்களூரில் இருக்கிறார். ஒருவர் போனை எடுப்பதே இல்லை. நிலம் அப்படியே கிடக்கும், முள் வளரும்.

பென்னாகரம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, ஒன்றைப் பற்றி நாங்கள் நான்கு நண்பர்கள் எடுத்த ஆவணப்படமும் அப்படித்தான் கிடக்கிறது. 131 பேரிடம் 1 லட்சத்து 84 ஆயிரம் ரூபாய் திரட்டி, இரண்டு வருடம் விடிய விடியக் கூத்துப் பார்த்து எடுத்த படம். ஒரு ஓடிடி நிறுவனம் வாங்கிக்கொள்ள முன்வந்தது. அவர்களுடைய வக்கீல் போனில் கேட்ட முதல் கேள்வி: "ரைட்ஸ் யார் பேர்ல இருக்கு?" நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நால்வரும் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மூன்று பேர் போட்டோம். கேமரா பிடித்த நண்பர் போடவில்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

குறும்படம், பாட்டு ஆல்பம், சித்திரக்கதை, பாட்காஸ்ட் என்று எதையாவது நாலு பேர் சேர்ந்து, ஊரில் பணம் திரட்டிச் செய்ய நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, அடிபட்டுப் படித்துக்கொண்டவன். தொகை பெரியது என்றால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். போகும்போது 'காப்புரிமை' வேண்டும் என்று கேட்காதீர்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது. எழுத்து, பாட்டு, படம், ஓவியம் எல்லாவற்றுக்கும் பெயர் பதிப்புரிமை. ஊரில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகத்தான் சொல்கிறார்கள், பத்திரிகைகள் உட்பட.

கூடையா, கூழா?

முதல் வேலை இது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைக்கு வண்டி வண்டியாக மாங்காய் போகிறது. கூடையில் இருக்கும்வரை இது யார் தோப்புக் காய் என்று சொல்லிவிடலாம். கூழாகிவிட்டால் எந்தத் தோப்புக்காரராலும் சொல்ல முடியாது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கூட்டுப் படைப்பைப் பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒருவருடைய பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து பிரித்துக் காட்ட முடியாதபடி சேர்ந்து உருவாக்கியிருந்தால்தான் சட்டப்படி அது கூட்டுப் படைப்பு.

இரண்டு பேர் உட்கார்ந்து வரிக்கு வரி சண்டை போட்டு எழுதிய திரைக்கதை கூழ். ஒருவர் கதை எழுதி இன்னொருவர் வரைந்த சித்திரக்கதை கூடை: எழுத்து எழுதியவருடையது, ஓவியம் வரைந்தவருடையது. பாட்டும் கூடைதான். வரிகள் எழுதியவருக்கு, மெட்டு போட்டவருக்கு, ஒலிப்பதிவு அதைத் தயாரித்தவருக்கு. ஒரே பாட்டில் மூன்று உரிமை. "பாட்டு எங்க ரெண்டு பேருது" என்று பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டால் பிறகு எதைப் பிரிப்பது என்றே தெரியாது.

டீக்கடையில் "இப்படி ஒரு படம் எடுக்கலாம்பா" என்று யோசனை சொன்னவருக்கு? யோசனைக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது. 1978இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. யோசனையை எழுத்தாக, காட்சியாக, இசையாக ஆக்கியவருக்குத்தான் உரிமை. ஆனால் யோசனை சொன்னவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள், டைட்டிலில் ஒரு வரி நன்றி போடுங்கள். ஊரில் மறுபடி முகம் பார்க்க வேண்டும்.

வயதானவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறவர்கள் இதில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைப் பாட்டி ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்கிறார், நீங்கள் எழுதிப் புத்தகமாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் யார்? மௌலானா அபுல் கலாம் ஆசாத் உருதுவில் சொல்லி, ஹுமாயூன் கபீர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் பற்றிய வழக்கில், இருவரும் கூட்டாசிரியர்கள் என்ற முடிவுக்கு டெல்லி உயர் நீதிமன்றம் வந்தது. இருவரும் கலந்து பேசி, சொன்னவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டு உருவான நூல் அது. பேனா பிடித்தவர் மட்டும்தான் ஆசிரியர் என்று நினைத்துவிட வேண்டாம்.

படம் என்றால் கணக்கு வேறு

திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் சட்டத்தின் கண்ணில் ஆசிரியர், தயாரிப்பாளர்தான். இயக்குநர் இல்லை. இதைக் கேட்டதும் முகம் சுருங்காத இளம் இயக்குநரை நான் பார்த்ததில்லை. தயாரிப்பாளர் என்றால் பணம் போட்டவர் என்று நினைக்கிறோம். சட்டம் சொல்வது, படம் எடுப்பதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். எங்கள் படத்தில் அந்த ஆள் யார்? பணம் ஊருடையது. ஜமாவிடம் பேசியது நான். கேமராவும் பெட்ரோலும் நண்பருடையது. எடிட்டிங் இன்னொருவர் வீட்டுக் கணினியில், இரவு இரவாக. நாலாமவர் ஓடி ஓடிப் பணம் சேர்த்தவர். முன்முயற்சி நால்வருக்கும், பொறுப்பும் நால்வருக்கும். யார் தயாரிப்பாளர் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் முடிந்திருக்கும். எழுதவில்லை, கூட்டுப் பட்டாவாகிவிட்டது.

கூட்டுப் பட்டா என்றால் என்ன ஆகும்? நம் நாட்டில் கூட்டு உரிமையாளர் ஒருவர், மற்றவர் சம்மதம் இல்லாமல் தனியாக யாருக்கும் உரிமம் கொடுக்க முடியாது. ஒரு படம் பற்றிய வழக்கில் 2008இல் பம்பாய் உயர் நீதிமன்றம் இதைச் சொன்னது. இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் இதுபற்றித் தேடினால் வருவதில் பெரும்பகுதி அமெரிக்கக் கட்டுரைகள். அங்கே ஒரு கூட்டு உரிமையாளர் பொதுவான உரிமத்தைத் தன்பாட்டுக்குக் கொடுத்துவிட்டு, வந்த பணத்தில் மற்றவருக்குப் பங்கு வைத்தால் போதும். அதைப் படித்துவிட்டு எங்கள் எடிட்டர் நண்பர் படத்தைத் தன் யூடியூப் சேனலில் ஏற்றினார். நல்ல எண்ணத்தில்தான் ஏற்றினார். மூன்றாம் நாள் இன்னொரு நண்பர் புகார் கொடுத்து இறக்கினார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம்

அக்ரிமென்ட் என்றதும் "நமக்குள்ள என்னப்பா பேப்பரு" என்பார்கள். நிலத்தை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, விடும்போது நிலம் ஒருவருடையது, மாடு ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது என்று எவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்கிறோம்! அதே பேச்சுதான் இது, எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

தமிழிலேயே எழுதலாம், நீதிமன்றத்தில் செல்லும். முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி வைத்துக்கொண்டால் நல்லது. பழைய 20 ரூபாய்த் தாள் கணக்கை மறந்துவிடுங்கள், 2024இல் கட்டணம் ஏறிவிட்டது. எவ்வளவுக்கு வாங்க வேண்டும் என்று பத்திரம் எழுதுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது நான் மற்றவர்களுக்கு எழுதிக் கொடுக்கும் தாள் இப்படித் தொடங்குகிறது:

"இந்தப் படத்தின் தயாரிப்பாளர் நாங்கள் மூவரும். உரிமை 40, 30, 30 சதவீதம். இதில் பணம், உழைப்பு, கருவி மூன்றும் கணக்கிடப்பட்டுள்ளன. வரும் பணத்தில் முதலில் இணைப்பில் உள்ள செலவுகள் கழியும், மீதி இந்த விகிதத்தில் பிரியும். 50,000 ரூபாய்க்குக் குறைந்த எந்த உரிமத்துக்கும் இருவர் சம்மதம் போதும். அதற்கு மேலும், முழு உரிமையை விற்பதற்கும் மூவரும் கையெழுத்திட வேண்டும். கேட்டு 21 நாளுக்குள் ஒருவர் எழுத்தில் பதில் சொல்லாவிட்டால் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம். போனை எடுக்காத பங்காளிக்கு மருந்து அதுதான்.

அப்புறம் சில விஷயங்கள் தாளில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருவர் பாதியில் விலகினால் அதுவரை செய்ததற்கு என்ன கணக்கு. ஒருவர் இறந்துவிட்டால் அவர் பங்கு யாருக்கு. எழுத்து, இசை, ஓவியத்தின் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டு இருக்கும், கூட்டாசிரியர்கள் என்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து 60 ஆண்டு, படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் வெளியானதிலிருந்து 60 ஆண்டு, அதனால் இது பேரப்பிள்ளைகள் வரை போகிற விவகாரம். டைட்டிலில் யார் பெயர், எந்த வரிசையில். யூடியூப் சேனல் யார் மின்னஞ்சலில் இருக்கிறது. எடிட் செய்யாத காட்சிகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் யாரிடம், அதன் நகல் யாரிடம். கேலி செய்யாதீர்கள், சண்டையில் பாதி ஹார்ட் டிஸ்க்கில்தான் வந்து நிற்கும்.

கேமரா நண்பரின் கோபத்துக்கு இப்போது வருகிறேன். அவர் தன் கேமராவையும் லென்ஸையும் இரண்டு வருடம் வாடகையில்லாமல் கொடுத்தார், பெட்ரோலும் அவர் காசு. டைட்டிலில் 'ஒளிப்பதிவு' என்று மட்டும் போட்டோம். 'தயாரிப்பு' என்ற வரியில் மற்ற மூவர் பெயர். வேண்டுமென்று செய்யவில்லை, டைட்டில் கார்டு செய்த இரவில் யாரும் யோசிக்கவில்லை. கருவியும் ஒரு பங்குதான் என்பதை எழுதி வைத்திருந்தால் அந்த வரி தானாகவே சரியாக வந்திருக்கும்.

கிரயமா, குத்தகையா?

வெளியார் யாராவது உங்கள் படைப்பைக் கேட்டால் முதலில் இதைக் கேளுங்கள். முழு உரிமையை எழுதிக் கொடுப்பது கிரயம். இத்தனை வருடத்துக்கு, இன்ன வழியில் பயன்படுத்திக்கொள் என்பது குத்தகை, அதாவது உரிமம். இரண்டுமே எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை செல்லாது. கிரயம் என்று எழுதிக் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கியவர் ஒரு வருடம் அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், வேறு மாதிரி எழுதியிராத பட்சத்தில் அது காலாவதி. அதனால்தான் நிறுவனங்கள் நீட்டும் தாளில் 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற சொற்கள் இருக்கும். அவற்றை அடித்துவிட்டு '5 ஆண்டு' என்று எழுதித் திருப்பி அனுப்புங்கள். சில நேரம் ஒப்புக்கொள்கிறார்கள். கேட்காமல் கொடுத்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டு போடுகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் சேர்ந்த பாட்டு தியேட்டருக்கு வெளியே சம்பாதிக்கும் ராயல்டியில் உங்கள் சமபங்கை நீங்களே விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதிக் கொடுக்கலாம். கிரயமே ஆனாலும் படைப்பாளி என்று பெயர் போடச் சொல்லும் உரிமையும், மானம் போகிற மாதிரி வெட்டித் திருத்தினால் எதிர்க்கும் உரிமையும் உங்களிடமே இருக்கும்.

"ஆட்டம் யாருது?"

முதல் முறை படத்தைப் போட்டுக் காட்ட ஜமாவிடம் போனது, ஒரு கூத்து முடிந்த விடியற்காலை. வாத்தியார் திண்ணையில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி முகம் துரியோதனன், பாதி முகம் அவர். படம் பார்த்து முடித்ததும் சிரித்தார். "நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. படம் உங்களுதுங்கறீங்க, சரி. ஆட்டம் யாருது?"

சட்டத்திலும் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆடுகிறவர், பாடுகிறவர், வாசிக்கிறவர் எல்லோருக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. பாரதக் கதை யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் அன்றிரவு அவர் ஆடிய ஆட்டத்தைப் பதிவு செய்து வெளியிட அவருடைய சம்மதம் வேண்டும். எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் பிறகு படத்தைத் தடுக்க முடியாது. அப்போதும் வியாபார ரீதியாகப் பயன்படுத்தினால் ராயல்டி கேட்க அவருக்கு வழி இருக்கிறது. ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு தாள் வாங்குங்கள்: எதற்காக எடுக்கிறோம், எங்கே வெளியிடுவோம், இப்போது எவ்வளவு, பிறகு விற்றால் எவ்வளவு. படித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள். மிருதங்கக்காரரும் முகவீணைக்காரரும் விடுபட்டுப்போவது வழக்கம், விடாதீர்கள்.

ஜமாவில் கட்டியங்காரன் வேஷம் போட்ட பையனுக்கு 16 வயது. 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் நம் நாட்டில் செல்லாது. அவனுடைய அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு படம் எடுப்பவர்கள் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு 17 தான் இருக்கும்.

ஊர்ப்பணம்: மொய்யா, முன்பணமா, முதலா?

கிரவுட்ஃபண்டிங் என்று இப்போது சொல்கிறோம், சங்கதி பழையதுதான். ஷியாம் பெனகல் இயக்கிய 'மந்தன்' 1976இல் வந்தது. குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்து எடுத்த படம். அங்கே பணம் வந்தது கூட்டுறவு அமைப்பு வழியாக. நம்மிடம் வருவது ஒருவருடைய ஜிபே எண்ணுக்கு. வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

பணம் கேட்கும் முன் அது எந்த வகைப் பணம் என்று முடிவு செய்யுங்கள். ஒரே வாட்ஸ்அப் செய்தியில் மூன்றையும் கலந்துவிடுவதுதான் பெரிய தப்பு.

ஒன்று, அன்பளிப்பு. கொடுப்பவர் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மொய் என்று சொல்ல மாட்டேன், மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். இது திரும்பாத பணம். சட்டச் சிக்கல் குறைவாக இருப்பது இதில்தான்.

இரண்டு, முன்பணம். 300 ரூபாய் கொடுங்கள், புத்தகம் வந்ததும் ஒரு பிரதி தருகிறோம். இது விற்பனை. சொன்ன பொருள் வராவிட்டால் கொடுத்தவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், அதுவும் அவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. 5 லட்சம் வரை மனுக் கட்டணம்கூட இல்லை.

மூன்று, முதல், அதாவது முதலீடு. "10 ஆயிரம் போடுங்க, படம் வித்தா 15 ஆயிரமா தரோம்." இந்த ஒரு வரியை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் நம் மாவட்டங்களில் எத்தனை வீட்டில் பணத்தை விழுங்கியது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அப்படிப்பட்ட திட்டங்களைப் பார்த்துத்தான் சட்டங்கள் இறுகிவிட்டன. திருப்பித் தருகிறேன் என்று சொல்லிப் பொதுமக்களிடம் தொழிலாகப் பணம் வாங்குவதை 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் குற்றமாக்குகிறது. கேட்டாலே 1 முதல் 5 ஆண்டு வரை சிறை, வாங்கினால் 2 முதல் 7 ஆண்டு, அபராதம் லட்சங்களில். தமிழ்நாட்டில் 1997 முதலே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. பலரிடம் பணம் சேர்த்து, அதை நீங்கள் நிர்வகித்து, லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னால் அது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் கூட்டு முதலீட்டுத் திட்ட விதிகளையும் தொடும். இணையத்தில் பங்கு விற்றுப் பணம் திரட்டுவதற்கு செபி 2014இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. விதியாக அது வரவில்லை. 2016இல், அப்படிப்பட்ட தளங்கள் அனுமதி பெற்றவை அல்ல என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது.

அப்படியானால் லாபத்தில் பங்கு கொடுக்க வழியே இல்லையா? இருக்கிறது. தெரிந்த சிலரைக் கூட்டாளிகளாகச் சேர்த்துக் கூட்டாண்மைப் பத்திரம் போடலாம், 50 பேரைத் தாண்டக் கூடாது. தனியார் நிறுவனம் தொடங்கிப் பங்கு கொடுக்கலாம். ஆனால் நிதியாண்டுக்கு 200 பேருக்கு மேல் போகக் கூடாது, பொதுவெளியில் விளம்பரம் செய்து கூப்பிடவும் கூடாது. இரண்டிலும் முகம் தெரிந்தவர்களிடம் மட்டும்தான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அது முகம் தெரிந்தவர்கள் இல்லை.

பணம் கேட்கும் செய்தியை இப்படி எழுதுங்கள்: "இது அன்பளிப்பு. திருப்பித் தரப்படாது, லாபத்தில் பங்கும் கிடையாது. தேவை 2 லட்சம். மார்ச் 31க்குள் 1 லட்சம் சேராவிட்டால் எல்லோருக்கும் திருப்பி அனுப்புவோம். 500 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்கள் பெயர் டைட்டிலில் வரும், வேண்டாம் என்றால் சொல்லுங்கள். வரவு செலவு மாதம் ஒருமுறை இங்கேயே போடப்படும்." செய்தி கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பரவாயில்லை. முன்பதிவு என்றால் எந்தத் தேதிக்குள் பொருள் வரும், வராவிட்டால் எந்தத் தேதியில் பணம் திரும்பும் என்பதையும் சேர்க்க வேண்டும். திருப்பித் தர வேண்டிய நாள் கடந்து 15 நாள் ஆகிவிட்டால், 2019 சட்டம் அந்த முன்பணத்தையும் வைப்புத்தொகையாகவே பார்க்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் தனிக்கதை. துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர் அனுப்பினால் சட்டத்தின் பார்வையில் அது வெளிநாட்டு நன்கொடை. பண்பாட்டு வேலை செய்கிறவர்கள் அதற்கென்று அரசிடம் பதிவு செய்யாமல் அதை வாங்கக் கூடாது. புத்தகத்தையோ டிக்கெட்டையோ விற்று வாங்கும் விலை அதில் சேராது. எங்களுக்கு ஒருவர் 25 ஆயிரம் அனுப்புகிறேன் என்றார், ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நாங்கள் சரியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

எந்தக் கணக்கில் போடுவது?

131 பேர் பணமும் எங்கள் நண்பர் ஒருவருடைய சேமிப்புக் கணக்கில் வந்தது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத் தொகையுமே அவருடைய வருமானம். படத்துக்கு வந்த காசு, வரிக் கணக்கில் அவர் தலையில். ஆடிட்டரிடம் அவர் வாங்கிய திட்டை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

மூன்று பேர் சேர்ந்து செய்வதென்றால் சின்னதாக ஒரு கூட்டாண்மை நிறுவனம் போட்டு, அதன் பெயரில் பான் எண் வாங்கி, நடப்புக் கணக்கு திறந்து, இருவர் கையெழுத்தில் பணம் எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டப் பதிவாளரிடம் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். கட்டாயம் இல்லை என்பார்கள், உண்மைதான். ஆனால் பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது. பத்திரத்தில் பங்கு விகிதம் எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி லாபமும் சமம், நட்டமும் சமம். கடன் என்று வந்தால் ஒருவர் சொத்தையே முழுக்கடனுக்கும் கேட்கலாம். அது பயமாக இருந்தால் எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டாண்மை, போடுங்கள், செலவு கொஞ்சம் கூடும்.

ஜிஎஸ்டி பெரும்பாலும் உங்களைத் தொடாது. அச்சுப் புத்தகத்துக்கு வரியே இல்லை. ஆனால் நன்றிப் பரிசாக டீ ஷர்ட் விற்று ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு, வரம்புத் தொகை எதுவாக இருந்தாலும் பதிவு வேண்டும். டீ ஷர்ட்டை விட்டுவிட்டுப் புத்தகம் கொடுங்கள்.

பதிவு

பதிப்புரிமை படைத்த நொடியிலேயே வந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் தகராறு வந்தால் பதிவுச் சான்று முதல்நிலைச் சாட்சியம். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம், டெல்லி போக வேண்டியதில்லை. எழுத்து, இசை, ஓவியத்துக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, படத்துக்கு 5,000. விண்ணப்பத்துக்கு எண் கொடுத்த பிறகு ஆட்சேபத்துக்காக 30 நாள் காத்திருப்பு. கூட்டுப் படைப்பு என்றால் மற்றவர்களின் தடையில்லாக் கடிதம் கேட்பார்கள், அதை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வந்த பிறகு கிடைக்காது. தனக்குத்தானே தபால் அனுப்பிப் பிரிக்காமல் வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

சண்டை வந்துவிட்டால்

உங்கள் உரிமையை யாராவது மீறினால், நீங்கள் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். எதிராளி சென்னையில் இருக்கிறார் என்பதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் நண்பர்களுக்குள் என்றால் முதலில் சமரசம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் இருதரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், மற்றவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

நாங்களும் அங்கே மனு கொடுத்திருக்கிறோம். கூடவே புதிதாக ஒரு தாள் எழுதியிருக்கிறோம். அதில் தயாரிப்பு என்ற வரியில் நான்கு பெயர், முதல் பெயர் கேமரா நண்பருடையது. வாத்தியாருக்கும் ஜமாவுக்கும் விற்பனையில் ஒரு பங்கு. எடிட்டர் முதலில் முணுமுணுத்தார், பிறகு போட்டுவிட்டார். மூன்று கையெழுத்து ஆகிவிட்டது. நாலாவதுக்காகக் கேமரா நண்பரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.